குவீன்ஸ்லாந்துக் கரையோரம்: முதலில் மாதம், பிறகு தீவு

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், கெய்ன்ஸ் நகரிலிருந்து பிரிஸ்பேன் வரை சாலை வழியே ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். முதுகில் ஒரு பையோடும் கையில் அளவான காசோடும் இளைஞர்கள் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராக இறங்கி ஏறிப் போகும் கரை இது. ஒரு பக்கம் மழைக்காடும் கரும்புக் காடும். மறுபக்கம் 2,300 கிலோமீட்டர் நீளும் கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பவளத்திட்டு வரிசை. இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கில் தீவுகள். சிட்னியிலும் மெல்போர்னிலும் படிக்கப் போன நம் பிள்ளைகள் விடுமுறை கிடைத்தால் இந்தப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். இங்கிருந்தே திட்டமிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அப்படிக் கிளம்புகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். பவளத்திட்டில் முக்குளிக்க வேண்டும், விமானத்திலிருந்து குதிக்க வேண்டும், பாய்மரப் படகில் தூங்க வேண்டும், மணல் தீவில் ஜீப் ஓட்ட வேண்டும். எல்லாம் செய்யக்கூடியவைதான். ஆனால் எந்த மாதம் போகிறோம் என்று முடிவாகும்வரை அந்தப் பட்டியலால் பயனில்லை. இந்தக் கரையில் எங்கே குளிக்கலாம், எந்தப் படகு கிளம்பும், எந்தப் பாதையில் வண்டி போகும் என்பதையெல்லாம் பருவமும் காற்றும் கடலின் ஏற்ற வற்றமும்தான் தீர்மானிக்கின்றன.

வடக்குக் குவீன்ஸ்லாந்துக்கு நடைமுறையில் இரண்டே பருவங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, புழுக்கம், புயல். 2011 பிப்ரவரியில் யாசி புயல் மிஷன் பீச் அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலோடு வந்த மழை கெய்ன்ஸ் விமான நிலையத்தையே வெள்ளக்காடாக்கியது. மே முதல் அக்டோபர் வரை வானம் தெளிந்திருக்கும், இரவில் நன்றாகத் தூக்கம் வரும். அந்த மாதங்களிலும் தென்கிழக்குக் காற்று பல நாட்கள் விடாமல் வீசிக் கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். செப்டம்பருக்குப் பிறகுதான் அது தணியத் தொடங்கும்.

மாதம் பார்த்துப் போவதற்கு மழையைவிட முக்கியமான காரணம் ஒன்று கடலுக்குள் இருக்கிறது. ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை வடக்குக் கரையோர நீரில் பெட்டிச் சொறிமீன்கள் திரியும். நம் கடலில் காணும் சொறியைப் போல அரிப்போடு விட்டுவிடும் உயிரல்ல இது. மீட்டர் கணக்கில் நீளும் இழைகள், கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாத உடல். பலமாகக் கொட்டினால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடக்கூடும். இவை கழிமுகங்களில் பெருகி, ஆண்டு இறுதியில் அங்கே கோடை தொடங்கும்போது ஆழமில்லாத கடற்கரை நீருக்கு வருகின்றன. குளிக்க ஆசைப்பட்டு நாம் இறங்கும் இடமும் அதுதான்.

இதற்கு இன்னொரு சிறிய உறவு உண்டு, இருக்கான்ஜி. உடல் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். கொட்டும்போது பெரிதாக வலிக்காது. அரை மணி நேரம் போல கழித்து முதுகில் தாங்க முடியாத வலி, வாந்தி, எகிறும் ரத்த அழுத்தம். நெடுங்காலம் இந்த நோய்க்குக் காரணம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. 1961-ல் கெய்ன்ஸ் மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் கடலில் ஒரு சின்னஞ்சிறு சொறிமீனைப் பிடித்து, தன் உடலிலும், தன் ஒன்பது வயது மகன் உடலிலும், ஒரு கடற்கரைக் காவலர் உடலிலும் கொட்ட வைத்துப் பார்த்தார். மூவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், மூவரும் பிழைத்தார்கள். அந்த உயிருக்குப் பின்னாளில் அவர் பெயரே அறிவியல் பெயரில் சேர்ந்தது. மகனை வைத்துச் சோதித்ததை இன்று எந்த மருத்துவக் குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் இன்று அந்தக் கரையில் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கைப் பலகைகளுக்குப் பின்னால் அந்த மூவரின் வேதனை இருக்கிறது.

அதனால் கோடையில் வடக்கே போனால் செய்ய வேண்டியவை இவை. கடற்கரையில் வலை கட்டி, காவலர்கள் சிவப்பு மஞ்சள் கொடி நட்ட பகுதிக்குள் மட்டும் இறங்குங்கள். வலை பெட்டிச் சொறிமீனைத் தடுக்கும், இருக்கான்ஜி அதன் கண்ணிகள் வழியே நுழைந்துவிடும். எனவே கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் மெல்லிய லைக்ரா உடையையும் அணியுங்கள். படகுக்காரர்களே கொடுப்பார்கள். கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் புட்டி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். யாருக்காவது கொட்டினால் உடனே 000 எண்ணை அழைத்து, கொட்டிய இடத்தில் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலால் தேய்க்கக் கூடாது. கெய்ன்ஸிலும் ஏர்லி பீச்சிலும் கடலோரமாகவே பெரிய நீச்சல் குளங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவற்றை ஏன் கட்டினார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

உவர்நீர் முதலைக்குப் பருவம் கிடையாது. கிளாட்ஸ்டனுக்கு வடக்கே ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு எல்லாமே அதன் வீடு. 1974 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. படகுத்துறையில் மீன் கழுவுவதும், ஆற்றோரம் கூடாரம் போடுவதும், ஒரே இடத்தில் தினமும் தண்ணீர் மொள்ளுவதும் வேண்டாம். பலகை இல்லை என்பதற்காக முதலை இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை கெய்ன்ஸில் தொடங்கித் தெற்கே இறங்குவதுதான் சிறந்தது என்பேன். மழை இல்லை, சொறிமீன் இன்னும் வரவில்லை, காற்று தணிகிறது. ஹெர்வி பே போய்ச் சேரும்போது ஹம்பேக் திமிங்கிலங்களும் குட்டிகளோடு அந்த விரிகுடாவில் இளைப்பாறிக்கொண்டிருக்கும். மாணவர்களுக்கு டிசம்பரில்தான் விடுமுறை என்றால் பயணத்தைத் தெற்கிலிருந்து தொடங்குங்கள். அப்போது பண்டபெர்க் அருகே மோன் ரெப்போஸ் கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். வனத்துறையினர் சிறு குழுக்களாக அழைத்துப்போய்க் காட்டுவார்கள். அலைச்சறுக்கு கற்க ஆக்னஸ் வாட்டர் இருக்கிறது. அதற்கு வடக்கே அலைச்சறுக்குக் கடற்கரையே கிடையாது என்று சொல்லலாம். நடுக்கடலில் எழும் பேரலைகளைப் பவளத்திட்டு தடுத்துவிடுவதால் வடக்குக் கரையில் கடல் ஏரி மாதிரி கிடக்கும்.

மாதம் முடிவானால் அடுத்தது தீவு. இங்கேயும் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, அந்தத் தீவு எதனால் ஆனது என்று பார்ப்பது பயன் தரும்.

ஒரு வகை, மலை முகடுகள். கடைசிப் பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகள் மூழ்கி, உச்சிகள் மட்டும் தீவுகளாக நின்றன. விட்சண்டே கூட்டத்தின் 74 தீவுகள், கெய்ன்ஸ் பக்கத்து ஃபிட்ஸ்ராய், டவுன்ஸ்வில்லுக்கு எதிரே மேக்னடிக் எல்லாம் இப்படிப் பிறந்தவை. இங்கே ஏறி நடக்கக் குன்றும் காடும் உண்டு. இரண்டாவது வகை, பவளம் உடைந்து பொடியாகிக் குவிந்த திட்டுகள். கெய்ன்ஸ் அருகே கிரீன் தீவு, தெற்கே லேடி மஸ்கிரேவ், லேடி எலியட். சுற்றி நடக்கச் சிறிது நேரம் போதும். ஆனால் கரையிலிருந்து சில அடி நீந்தினாலே உயிருள்ள பவளம். பவளம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்த வகைக்கோ, படகில் வெளித்திட்டுக்கோ போங்கள். மூன்றாவது, முழுக்க மணலால் ஆனவை. அவற்றில் பெரியது கறி. உலகிலேயே பெரிய மணல் தீவும் அதுதான்.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு என் தேர்வு மேக்னடிக் தீவு. டவுன்ஸ்வில்லிலிருந்து படகில் 20 நிமிடம். தீவுக்குள் பேருந்து ஓடுகிறது, ஹாஸ்டல் இருக்கிறது, நடைபாதைகளுக்குக் கட்டணம் இல்லை. 1770-ல் இந்தப் பக்கம் கப்பலில் போன ஜேம்ஸ் குக், இத்தீவு தன் திசைகாட்டியைக் குழப்புகிறது என்று நினைத்துக் காந்தத்தின் பெயரை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் பீரங்கி நிறுத்திய குன்றுக்குப் போய்வர நான்கு கிலோமீட்டர் நடை. வழியில் யூகலிப்டஸ் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனால் கோலாவைக் காண நல்ல வாய்ப்புண்டு.

விட்சண்டேவுக்கு ஏர்லி பீச்சிலிருந்து பாய்மரப் படகில் இரண்டு இரவு போய்வருவது வழக்கம். எல்லோரும் காண வருவது ஒயிட்ஹேவன் கடற்கரையை. ஏழு கிலோமீட்டர் நீளம், 98 விழுக்காடு தூய சிலிக்கா மணல், உச்சி வெயிலிலும் கால் சுடாது. அதன் வடமுனையில் ஹில் இன்லெட் என்ற கழி இருக்கிறது. வெள்ளை மணலும் நீல நீரும் சுழன்று கலப்பதாகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது தெரிவது வற்றத்தின் போது. கடல் ஏறிய நேரத்தில் போய் நின்றால் வெறும் தண்ணீர்தான். படகுக்குப் பணம் கட்டுமுன் அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு, அப்போது அங்கே இருப்போமா என்று கேளுங்கள். 2017-ல் டெபி புயல் இத்தீவுகளின் ஓரத்துப் பவளத்தைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. எனவே விட்சண்டேவுக்குப் பாய்மரத்துக்காகவும் மணலுக்காகவும் போங்கள்.

பவளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் சூடேறி 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்தத் திட்டு பெருமளவில் வெளிறியது. எல்லாம் செத்துவிட்டது என்பதும் பொய், எல்லாம் பழையபடி இருக்கிறது என்பதும் பொய். சுமார் 2,900 தனித்தனித் திட்டுகளில் இடத்துக்கு இடம் நிலைமை வேறு. எது இப்போது நன்றாக இருக்கிறது என்று படகில் வேலை செய்யும் வழிகாட்டிகளுக்குத் தெரியும். இறங்கியபின் எதன்மீதும் கால் ஊன்றாதீர்கள். ஒரு கிளை அவ்வளவு வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும்.

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. தெரியாமலும் முகமூடியும் மிதவையும் வைத்து மேலே மிதந்தபடி பவளம் பார்க்கலாம். அதைப் படகிலேயே முதலில் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கிளம்ப இரண்டு மாதம் இருக்கிறது என்றால் ஊரிலேயே நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிடுவது, அந்தப் பயணத்துக்காக நீங்கள் செய்யும் செலவுகளில் மிகவும் பயனுள்ளதாக இருக்கும். முக்குளிப்புக்கு முன் உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்து இறங்கினால் ஆபத்து உங்களுக்குத்தான்.

சாகசங்களின் வரிசையில் பலர் இடறும் இடம் ஒன்று. ஸ்கூபாவில் ஆழத்துக்குப் போனவர் உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேறுமுன் உயரத்துக்குப் போனால் ரத்தத்தில் குமிழாகி மூட்டுவலி முதல் பக்கவாதம்வரை கொண்டுவிடும். விமானத்துக்கும் ஸ்கைடைவிங்குக்கும் முன் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். கெய்ன்ஸில் முக்குளித்துவிட்டு மறுநாள் காலை மிஷன் பீச்சில் 15,000 அடியிலிருந்து குதிக்க முன்பதிவு செய்யக் கூடாது. நடுவில் டல்லி ஆற்றில் ராஃப்டிங் வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். டல்லி ஆஸ்திரேலியாவிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. 1950-ல் பெய்த மழையின் அளவான 7.9 மீட்டர் உயரத்துக்கு அங்கே ஒரு பொன்னிற ரப்பர் பூட்ஸ் சிலை நிற்கிறது. மேலே இருக்கும் கரீயா நீர்மின் நிலையம் தண்ணீர் திறந்துவிடுவதால் வறண்ட மாதங்களிலும் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடும். ரப்பர் படகில் ஐந்தாறு பேர் துடுப்பு போட, பாறைக்குப் பாறை இறங்குவது. இந்தக் கரையின் எல்லாச் சாகசங்களிலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். குதிப்பதற்கு ஒரு நிமிடம், இங்கே ஒரு பகல் முழுக்க உங்கள் கைகளுக்கு வேலை.

முக்குளிப்பில் ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்கள் ஏர் என்ற ஊரின் கடற்கரையிலிருந்து யோங்கலா கப்பலைப் பார்க்கப் போகலாம். 1911 மார்ச்சில் புயலில் சிக்கி 122 பேருடன் மூழ்கியது. கப்பல் கிடக்கும் இடம் 1958-ல்தான் உறுதியானது. நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த இரும்பு உடலைப் பவளமும் பெரிய மீன் கூட்டங்களும் ஆண்டுகொண்டிருக்கின்றன. உள்ளே நுழைய அனுமதி இல்லை. அது ஒரு கல்லறை. நீரோட்டம் பலமாக இருக்கும், புதியவர்களுக்கு ஏற்றதல்ல.

இனி கறி. பழைய பெயர் ஃபிரேசர் தீவு. பட்சுல்லா மக்கள் தொன்றுதொட்டு அழைத்த பெயர் 2023 ஜூனில் அரசு முறைப்படி திரும்பி வந்தது. சுமார் 120 கிலோமீட்டர் நீளம். வெறும் மணல்தான், ஆனால் அந்த மணலில் உயர்ந்த மழைக்காடு நிற்கிறது. மணல் குன்றுகளுக்கு நடுவே நன்னீர் ஏரிகள் இருக்கின்றன. மணல் பள்ளங்களில் இலைதழை மக்கி, மணலோடு இறுகித் தண்ணீர் புகாத தளமாகிவிடுகிறது. அதன்மேல் மழைநீர் தேங்கி நிற்கிறது. மெக்கென்சி ஏரியில் ஆறோ ஊற்றோ சேர்வதில்லை, அத்தனையும் மழை. கண்ணாடி போன்ற அந்த நீரில் இறங்குமுன் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளாதீர்கள், அந்த ஏரிக்கு அதைக் கழுவித் தள்ள வழியில்லை.

தீவில் தார் போட்ட நெடுஞ்சாலை இல்லை. கிழக்குக் கடற்கரையே நெடுஞ்சாலை. அதற்கு வேகவரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், காவல்துறையும் சோதனை செய்யும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி மட்டுமே போக முடியும். டயரில் காற்றைக் குறைத்தால்தான் மணலில் புதையாது. கடல் ஏற்றத்தின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டக் கூடாது. கடல் வந்து பாதையை மூடிவிடும், உப்புநீரில் சிக்கிய வாடகை வண்டிக்கு முழு இழப்பையும் நீங்களே கட்ட நேரும். அனுபவமில்லாதவர்கள் ரெயின்போ பீச்சிலிருந்து வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டிப்போகும் குழுப் பயணத்தில் சேருவது நல்லது. ஓட்டுவதை ஆளுக்கொரு முறை பகிர்ந்துகொள்வார்கள்.

கடலில் மட்டும் இறங்காதீர்கள். காவலர் இல்லாத கரை, உள்ளே இழுக்கும் நீரோட்டம், சுறா. ஏரிகளும் ஓடைகளும் இருக்கும்போது தேவையும் இல்லை. டிங்கோ என்ற காட்டுநாய்களைப் பட்சுல்லா மொழியில் வொங்காரி என்கிறார்கள். தெருநாய்க்குப் பிஸ்கட் போட்டுப் பழகிய கை நமக்கு. அங்கே அந்தக் கையை அடக்க வேண்டும். சோறு போட்டுப் பழக்கிய டிங்கோ அடுத்து வரும் குழந்தையை நெருங்கும், கடைசியில் அந்த விலங்கைக் கொன்றுவிட நேரும். தனியாக நடக்காதீர்கள், எதிரே வந்தால் ஓடாதீர்கள், உணவைப் பூட்டி வையுங்கள். மீறினால் கடும் அபராதம்.

ஊருக்கு ஊர் போக கிரேஹவுண்ட் பேருந்துகளில் இத்தனை நாளுக்கு என்று ஒரே சீட்டு வாங்கி, இடையிடையே இறங்கி ஏறலாம். பிரிஸ்பேனுக்கும் கெய்ன்ஸுக்கும் இடையே ரயிலும் உண்டு, ஏறத்தாழ ஒரு நாள் ஓட்டம். ஜன்னலுக்கு வெளியே மணிக்கணக்கில் கரும்பு வரும். 1863 முதல் 1904 வரை வனுவாட்டு, சாலமன் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து சுமார் 62,000 பேரை, அவர்களில் பலரை ஏமாற்றியும் கடத்தியும், கூலிக்குக் கொண்டுவந்து உழைக்கவைத்த வயல்கள். நம் முன்னோரை பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றிய காலமும் ஏறக்குறைய அதுவே.

தங்குவதற்கு ஹாஸ்டல்கள், ஓர் அறையில் நான்கு முதல் பத்துக் கட்டில்வரை. பொதுச் சமையலறை இருப்பதால் அரிசியும் பருப்பும் ஒரு பொட்டலம் மிளகாய்த்தூளும் இருந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். 2000 ஜூனில் சில்டர்ஸ் என்ற ஊரில் ஹாஸ்டலுக்கு ஒருவன் தீவைத்ததில், தூக்கத்திலிருந்த 15 பயணிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலிவு விடுதிகளின் தீப்பாதுகாப்பு விதிகளை மாநிலம் இறுக்கியது. எந்த அறைக்குப் போனாலும் பையை வைத்த கையோடு வெளியேறும் கதவு எங்கே, ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

18 முதல் 30 வயதுக்குள் இருக்கும் இந்தியர்களுக்கு 2024 முதல் ஒரு புது வாய்ப்பு உண்டு. வேலை செய்துகொண்டே சுற்றிப் பார்க்க ஓராண்டு விசா, ஆண்டுக்கு 1,000 பேருக்கு, குலுக்கலில். உயர்கல்வியும் ஆங்கிலத் தேர்ச்சியும் கேட்பார்கள். கிடைத்தால் பண்டபெர்க் பக்கம் பண்ணை அறுவடை, வடக்கே உணவகம் என்று உழைத்துக்கொண்டே மாதக்கணக்கில் இந்தக் கரையில் இருக்கலாம். கிடைக்காதவர்களுக்குச் சாதாரணச் சுற்றுலா விசா, அதில் வேலை செய்யக் கூடாது.

முன்பதிவில் முதலில் படகுகளும் கறிப் பயணமும், கடைசியில் படுக்கைகள். காற்று அதிகமானால் படகு போகாது. அதனால் ஒவ்வொரு கடல் பயணத்துக்கும் அடுத்த நாளை வெறுமனே விட்டுவையுங்கள், ரத்தானால் மறுநாள் போகலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது முக்குளிப்பு, ஸ்கைடைவிங், ராஃப்டிங் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். மலிவான பாலிசிகளில் பல இவற்றை விலக்கி வைத்திருக்கும், தீவிலிருந்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தால் அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும்.